எரிகிறது என்றால் எந்தப் பாகம்? இரைப்பை அமிலக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிரித்தறிதல்

நெஞ்சு எரிந்தாலும் அசிடிட்டி, புளித்த ஏப்பம் வந்தாலும் அசிடிட்டி, சாப்பிட்டது இறங்காமல் கல்லாகக் கிடந்தாலும் அசிடிட்டி. நோய்க்குப் பெயர் ஒன்றாகிவிட்டதால் மாத்திரையும் ஒன்றாகிவிட்டது. ஆனால் இரைப்பைக்குள் நடப்பது ஒரு குழாயைத் திறந்து மூடும் வேலையல்ல. சுரப்பைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞைகள், அமிலத்தை இறைக்கும் பம்ப், ‘போதும்’ என்று நிறுத்தும் தடுப்பு, சுவரை அரிக்கவிடாமல் காக்கும் உட்பூச்சு, அமிலம் மேலே ஏறாமல் பிடிக்கும் வால்வு என்று பல பாகங்கள் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு அது. எது பழுதானாலும் நம் வாயில் வருவது ‘எரிகிறது’ என்ற ஒரே சொல். அமிலம் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சுரப்பவர்கள் குறைவு. பலருக்கு அமிலம் வழக்கமான அளவில்தான் இருக்கிறது. போகக் கூடாத இடத்துக்குப் போய்விடுகிறது, அல்லது அதைத் தாங்கும் சுவர் நலிந்துவிடுகிறது.

ஆகவே எப்போது எரிகிறது, எதனால் அடங்குகிறது, எங்கே எரிகிறது என்ற மூன்று கேள்விகளோடு கீழே வாருங்கள்.

முதலில்: இவை இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்

நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருந்து, வலி தாடைக்கோ தோளுக்கோ இடக்கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். மாரடைப்பு சில வேளைகளில் மேல்வயிற்று எரிச்சலின் வேடத்திலும் வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் அது இன்னும் மங்கலாகவே தெரியும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அழைத்துவிட்டுக் காத்திருங்கள்.

தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, கெட்ட நாற்றத்தோடு மலம் போவது, காபித்தூள் கலந்ததுபோல் வாந்தி வருவது இரண்டும் உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்றாலும், அதை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. விழுங்கும்போது உணவு சிக்கிக்கொள்வது, காரணமில்லாமல் எடை குறைவது, ஓயாத வாந்தி, ரத்தசோகை, 55 வயதைக் கடந்தபின் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லை ஆகியவற்றுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

பழுதில்லாதபோது எப்படி இயங்குகிறது

பழுது தெரிய வேண்டுமென்றால் சரியான ஓட்டம் தெரிந்திருக்க வேண்டும். ரசம் தாளிக்கும் வாசனை மூக்கை எட்டியதுமே மூளை வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் சொல்லியனுப்பிவிடுகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பார்ப்பது, முகர்வது, மெல்வது ஆகியவற்றால் மட்டுமே சுரப்பது. நாய் விழுங்கிய இறைச்சி இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியாகவே வெளியே விழும்படி அறுவைசெய்து, அப்போதும் வெறும் இரைப்பையில் சாறு ஊறுவதை இவான் பாவ்லோவ் காட்டினார். மணியோசைக்கு எச்சில் ஊறும் நாயின் கதையால் அறியப்படும் அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காகத்தான்.

உணவு உள்ளே வந்து இரைப்பை விரிந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. பருப்பும் மீனும் முட்டையும் தரும் புரதத் துணுக்குகள், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள செல்களைத் தொட்டு காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. காஸ்ட்ரின் ரத்தத்தோடு சுற்றிவந்து இரைப்பையின் மேற்பகுதியில் வேறொரு வகைச் செல்களை எழுப்புகிறது. அவை ஹிஸ்டமினை விடுகின்றன. நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின், ரத்தத்திலிருந்து காஸ்ட்ரின், பக்கத்து வீட்டிலிருந்து ஹிஸ்டமின் என்று மூன்று பேரும் தட்டும் கதவு ஒன்றுதான்: அமிலத்தைச் சுரக்கும் பெரைட்டல் செல். மூவரில் ஹிஸ்டமினின் தட்டலுக்கே வலு அதிகம்.

கதவு திறந்ததும் செல்லுக்குள் மடிந்து கிடந்த பம்புகள் மேற்பரப்புக்கு வந்து, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகின்றன. ரத்தத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகமான செறிவு. ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பைச் சாறு இப்படி ஊறுகிறது. வெறும் வயிற்றில் அதன் பிஎச் அளவு 1.5 முதல் 3.5 வரை இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் கடுமை). எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2க்குச் சற்று மேலே. எலுமிச்சைக்குப் பயப்படுகிறவர்கள் தங்கள் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

சாப்பிடும்போது அமிலம் மிக வேகமாகச் சுரந்தாலும், உணவே அதை உறிஞ்சிக்கொள்வதால் பிஎச் 4, 5 என்று உயர்ந்துவிடும். பிறகு உணவு மெல்ல இறங்க இறங்க அமிலம் ஓங்கும். கீழ்ப்பகுதியில் பிஎச் 3க்குக் கீழே போனதும் சொமேட்டோஸ்டாடின் என்ற தடுப்பு வேலை செய்து காஸ்ட்ரினை நிறுத்துகிறது. முன்சிறுகுடலுக்கு அமிலம் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து செக்ரிடின் கிளம்பி, கணையத்திலிருந்து காரநீரை வரவழைத்து அதைச் சமன்செய்கிறது. இரைப்பையின் சொந்தச் சுவரைச் சளிப்படலமும் அதற்குள் ஊறும் பைகார்பனேட்டும் காக்கின்றன. சுவரின் மேற்பரப்புச் செல்களும் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகின்றன.

அறிகுறி: சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு எரிகிறது, குனிந்தாலோ படுத்தாலோ அதிகமாகிறது, வாய்க்குப் புளிப்பாக எதுக்களிக்கிறது

பழுது வால்வில். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள சுருக்குத்தசை, விழுங்கும்போது மட்டும் திறந்து மற்ற நேரத்தில் மூடியிருக்க வேண்டும். இரைப்பை மேற்பக்கம் விரிந்தால் ஏப்பம் விடுவதற்காக அது கொஞ்ச நேரம் தானாகவே தளரும். எல்லோருக்கும் நடப்பதுதான். வயிறு முட்டச் சாப்பிட்டாலும், தொப்பை அழுத்தினாலும், கர்ப்பத்தில் கருப்பை மேலே தள்ளினாலும், இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்தாலும் அந்தத் தளர்ச்சியில் ஏப்பத்தோடு அமிலமும் ஏறிவிடுகிறது.

உணவுதான் அமிலத்தை உறிஞ்சிக்கொள்கிறதே, பின் ஏன் சாப்பிட்டவுடன் எரிகிறது? இந்தக் கேள்விக்கு 2001இல்தான் நல்ல விடை கிடைத்தது. கிளாஸ்கோவில் ஆய்வாளர்கள் மெல்லிய கருவியை இரைப்பையிலிருந்து மெதுவாக மேலே இழுத்தபடி அமிலத்தை அளந்தார்கள். கீழே எல்லாம் உணவோடு கலந்து மட்டுப்பட்டிருக்க, வால்வுக்கு நேர் கீழே மட்டும் புதிதாகச் சுரந்த அமிலம் கலக்காமல், குழம்பின் மேலே எண்ணெய் மிதப்பதுபோலத் தேங்கி நின்றது. வால்வு தளர்ந்தால் முதலில் ஏறுவது அதுதான். ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்துகள் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கப்படுவது இதனால்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அந்தப் பொருள் நுரைத்து மேலே மிதந்து, தேங்கிய அமிலத்துக்கு மூடியாகிறது.

செய்ய வேண்டியவை மாத்திரையில் தொடங்குவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். ஒன்பதரைக்குப் பரோட்டா, பத்தேகாலுக்குப் படுக்கை என்ற பழக்கத்தை வைத்துக்கொண்டு எந்த மாத்திரையைக் குற்றம் சொன்னாலும் நியாயமில்லை. தூக்கத்தில் நாம் விழுங்குவதும் குறைகிறது, எச்சிலும் குறைகிறது. ஏறிய அமிலத்தைக் கழுவி இறக்க ஆளில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடிந்து வயிறு நசுங்குமே தவிரப் பயன் இருக்காது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் வால்வு அமிலக் குட்டைக்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் குட்டைக்குள் முழுகும். செலவில்லாத இந்த ஒன்றை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

எண்ணெய்ப் பலகாரம், சாக்லேட், புதினா, மது, புகை ஆகியவை வால்வைத் தளர்த்துபவை. புதினாவை வயிற்றுக்கு நல்லது என்று சாப்பிட்டு எரிச்சலை வாங்கிக்கொள்பவர்கள் பலர். மிளகாயின் கதை வேறு. அதன் காரம் அமிலம் அல்ல. சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது நேரடியாகத் தூண்டுகிறது. ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் அது பட்டால் எரியும், அவ்வளவுதான். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இரண்டு வாரம் எழுதிவைத்துப் பார்த்து, அதை மட்டும் விலக்குங்கள்.

அறிகுறி: வயிறு காலியானால் எரிகிறது, நள்ளிரவில் எழுப்பிவிடுகிறது, ஏதாவது சாப்பிட்டால் அடங்குகிறது

இடம் நெஞ்சு அல்ல, தொப்புளுக்கு மேலே விலா எலும்புகள் சேரும் குழி. முன்சிறுகுடல் புண்ணுக்கு இது பழைய அடையாளம். சாப்பிட்டால் வலி கூடுமானால் புண் இரைப்பையில் என்று பாடநூல்கள் சொல்லும். நோயாளிகள் எல்லோரும் பாடநூல்படி நடந்துகொள்வதில்லை என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் இங்கே பழுதாவது தடுப்பு. பழுதாக்குவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற சுருள்வடிவ நுண்ணுயிர். யூரியாவை உடைத்து அமோனியா செய்து, தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் ஒரு காரப் போர்வையை உண்டாக்கிக்கொண்டு சளிப்படலத்துக்குள் அது வாழ்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அது குடியேறினால் சொமேட்டோஸ்டாடின் சுரப்பு குறைகிறது. தடுப்பு தளர்ந்ததும் காஸ்ட்ரின் ஓய்வில்லாமல் கலக்கிறது; அமிலம் நிஜமாகவே மிகுந்து முன்சிறுகுடலைப் புண்ணாக்குகிறது. அதே நுண்ணுயிர் மேற்பகுதியில் பரவினால் பெரைட்டல் செல்களையே அழித்து அமிலத்தைக் குறைத்துவிடும். இரைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவது அந்த வழியில். ஒரே குற்றவாளி, குடியேறிய தெருவைப் பொறுத்து நேர்மாறான இரண்டு குற்றங்கள்.

புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று மருத்துவ உலகமே நம்பிய காலத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்த நுண்ணுயிரைச் சுட்டிக்காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அதை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, சில நாள்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

பசி எரிச்சலுக்கு நம் வீடுகளில் உடனே வருவது ஒரு டம்ளர் பால். குடித்தவுடன் அடங்கும். பாலிலுள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் மீண்டும் அமிலத்தைத் தூண்டிவிடும். 1915இல் பெர்ட்ராம் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் மணிக்கொரு முறை பாலும் கிரீமும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்து, பல ஆண்டுகள் உலகம் அதைப் பின்பற்றியது. அடங்குவதும் ஆறுவதும் ஒன்றல்ல என்று தெரிய இத்தனை காலமாயிற்று.

இந்த அறிகுறி இரண்டு மூன்று வாரம் நீடித்தால் யூரியா மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை எப்போதோ வந்துபோன தொற்றையும் காட்டிவிடும். மூச்சுச் சோதனைக்கு முன் அமிலம் குறைக்கும் பம்ப் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணுயிர் இருந்தும் இல்லை என்று வரும். ஒருவர் ஏதோ காரணத்துக்காகத் தினமும் அவற்றை எடுத்துக்கொள்கிறார் என்றால், மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தொற்று உறுதியானால் பல மருந்துகளைச் சேர்த்து வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தினால் தப்பிப் பிழைப்பவை அடுத்த முறை மருந்துக்கு அடங்காது.

அறிகுறி: மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ மாத்திரை எடுக்கத் தொடங்கியபின் எரிகிறது

இங்கே பழுது உட்பூச்சில். டைக்லோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை வலியைக் குறைப்பதற்காக நிறுத்தும் அதே புராஸ்டகிளாண்டின்கள்தான் இரைப்பையில் சளியையும் பைகார்பனேட்டையும் ரத்த ஓட்டத்தையும் தாங்கி நிற்பவை. வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. மருந்து ரத்தத்தில் கலந்தபின்னும் அந்தப் பாதுகாப்பைக் குறைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் குறைக்கும். பாராசிட்டமாலுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. இரைப்பையைக் காக்கும் மருந்தைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்க வேண்டும்.

அறிகுறி: மாத்திரை போட்டும் பயனில்லை

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஒமெப்பிரசோல், பாண்டோபிரசோல், ராபிபிரசோல் போன்ற மாத்திரைகள் பம்பை அடைப்பவை. ஆனால் அவை விழுங்கும்போது செயலற்ற நிலையில் இருக்கின்றன. அமிலம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மேலே உறை போட்டிருப்பார்கள். சிறுகுடலில் உறை கரைந்து, ரத்தத்தில் ஏறி, பெரைட்டல் செல்லின் பின்வாசல் வழியாக வந்து, அமிலம் சுரக்கும் அந்த நுண்ணிய கால்வாய்க்குள் மாட்டிக்கொண்டபின்தான் அது மருந்தாகவே மாறுகிறது. பம்ப் ஓடினால்தான் அங்கே அமிலம் இருக்கும். அமிலம் இருந்தால்தான் மருந்து விழிக்கும். ரத்தத்தில் மருந்து நிற்பதோ இரண்டொரு மணி நேரம்.

எனவே மருந்து வந்து சேரும் நேரமும் பம்புகள் ஓடும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கிவிட்டு, பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். விழுங்கிவிட்டு வெறும் காபியோடு மதியம் வரை ஓட்டுவதும், சாப்பிட்டு எரிந்தபின் விழுங்குவதும் வீண். நான் ஏறக்குறைய ஓராண்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் போட்டுக்கொண்டு, மருந்து சரியில்லை என்று மாற்றி மாற்றி வாங்கினேன். நேரத்தை மாற்றிய வாரத்தில் விவகாரம் முடிந்தது. கடித்தோ பொடித்தோ விழுங்கக் கூடாது. முதல் நாளிலேயே முழுப் பலனும் வராது; உடல் புதிய பம்புகளைச் செய்துகொண்டே இருப்பதால் மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எரியும்போது மட்டும் போடும் மாத்திரையாக இதைப் பயன்படுத்துவது, தீப்பிடித்தபின் கிணறு வெட்டுவது.

உடனடித் தணிப்புக்கு, சுரந்த அமிலத்தைச் சமன்செய்யும் ஆண்டாசிட் போதும். மக்னீசியம் கலந்தது வயிற்றை இளக்கும், அலுமினியம் கலந்தது கட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். நுரைத்துப் பொங்கும் சோடா உப்பு வகைகளில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. ஃபேமோடிடின் போன்றவை ஹிஸ்டமினின் கதவுத் தட்டலைத் தடுப்பவை. அரிப்புக்குப் போடும் செட்டிரிசினும் ஹிஸ்டமினைத் தடுப்பதுதானே என்று கேட்கலாம். இரைப்பையில் உள்ளது ஹிஸ்டமினின் வேறு வகைப் பூட்டு. பழைய சாவி அங்கே பொருந்தவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு ஜேம்ஸ் பிளாக் என்ற மருந்தியலாளர் புதிய சாவியைச் செய்தார். 1976இல் சிமெடிடின் என்ற அந்த மருந்து பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

நேரம் தவறாமல் எட்டு வாரம் எடுத்தும் மாறவில்லை என்றால், அளவைக் கூட்டுவதை விட எரிச்சலுக்குக் காரணம் அமிலம்தானா என்று பார்ப்பதே முறை.

அறிகுறி: மாத்திரையை நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரிகிறது

‘நிறுத்தினேன், திரும்ப வந்துவிட்டது, ஆயுளுக்கும் போட வேண்டியதுதான்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் தடுப்பின் கணக்கைப் பாருங்கள். மாத்திரையால் அமிலம் குறைந்து கிடக்கும்போது தடுப்புக்கு வேலை இல்லை. காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகிறது. ஹிஸ்டமின் விடும் செல்கள் பெருகுகின்றன. மாத்திரையை நிறுத்தியதும் அடைபட்டிருந்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகிறது.

2009இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்பிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின்வந்த வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். இல்லாத நோயை மருந்தின் நிறுத்தமே உண்டாக்கிக் காட்டியது.

அதனால் ஒரேயடியாக நிறுத்தாமல், மருத்துவர் ஒப்புதலோடு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி இறங்கலாம். நடுவில் எரியும் நாள்களுக்கு ஆண்டாசிட்டோ ஆல்ஜினேட்டோ கைகொடுக்கும். சில வாரங்கள் பொறுத்தால் காஸ்ட்ரின் இறங்கிவிடும். உணவுக்குழாயில் கடும் புண், பாரெட் மாற்றம் (உணவுக்குழாயின் உட்செல்கள் உருமாறுவது), நாள்பட்ட ஆஸ்பிரின் தேவை போன்ற காரணங்களுக்காக எடுப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

அறிகுறி: எரிச்சல் இல்லை, இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்து, மணிக்கணக்கில் பாரமாகக் கிடக்கிறது

அமிலத்தை விட்டுவிடுங்கள். இரைப்பை விரிந்து கொடுக்காததோ, காலியாகத் தாமதிப்பதோ காரணமாக இருக்கலாம். பல ஆண்டு சர்க்கரை நோயில் வேகஸ் நரம்பு நலிந்து இது வருவதுண்டு. எடை குறைக்கும் செமாகுளூடைட் ஊசியும் இரைப்பையை மந்தமாக்கும். சிறிது சிறிதாக, கொழுப்புக் குறைத்துச் சாப்பிடுவது உதவும். அமிலம் குறைந்துவிட்டதா என்று பார்க்கச் சமையல் சோடாவைக் குடித்து ஏப்பம் வரும் நேரத்தைக் கணக்கிடும் சோதனை ஒன்று வலம்வருகிறது. அது சோதனையே அல்ல.

அறிகுறி: பல ஆண்டுகளாக மாத்திரை; எரிச்சல் இல்லை, ஆனால் பாதம் மரத்துப்போகிறது, நாக்கு புண்ணாகிறது, களைப்பு தீரவில்லை

இப்போது பழுது எதிர்ப்பக்கம்: அமிலம் போதவில்லை. உணவின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். அதைக் குடலில் உறிஞ்சத் துணையாகும் புரதத்தைச் சுரப்பதும் பெரைட்டல் செல்தான். சைவ உணவும் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்ந்தால் குறைபாடு இன்னும் விரைவில் வரும். உடலின் தற்காப்பே இந்தச் செல்களைத் தாக்கி அழிக்கும் நோயும் உண்டு; அதில் ஊசியாகவோ மிக உயர்ந்த அளவு மாத்திரையாகவோ பி12 கொடுப்பார்கள். ரத்தத்தில் பி12 பார்ப்பது எளிய சோதனைதான்.

இரும்பும் கால்சியமும் இதே வழியில் குறையலாம். கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் தேவை, ஆகவே அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். பம்ப் மாத்திரையைத் தொடர்பவர்களுக்கு கால்சியம் சிட்ரேட் பொருத்தம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் ஆண்டாசிட்டுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். பம்ப் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ ஆறு வாரம் கழித்து ரத்தத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.